இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று: லோஷன், கண்டிஷனர், லிப் பாம் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

சின்ன வயதில் கிணற்றில் குதித்துக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா எதுவும் கேட்க மாட்டார். கையைப் பிடித்து, முன்கையில் நகத்தால் ஒரு கோடு இழுப்பார். சாக்பீஸில் போட்டது போல வெள்ளையாகக் கோடு விழும். அப்புறம் முதுகில் விழும்.

ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய தோல் தன் எண்ணெய்ப்பசையை இழந்துவிடுகிறது. காய்ந்ததும் மேல்தோலின் செதில்கள் லேசாகத் தூக்கிக்கொள்கின்றன. நகம் பட்டால் அவை உதிர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. கிணற்றுத் தண்ணீர்தான் என்றில்லை. எட்டு மணி நேரம் ஏசி அறையில் உட்கார்ந்து எழுந்தாலும் அதே கோடு விழும். உங்கள் தோலுக்கு எந்த லோஷன் சரிப்படும் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மலிவான கருவி அந்த நகம்தான். (கோடு வெள்ளையாக இல்லாமல் சிவந்து, கயிறு போலத் தடித்துக்கொண்டு வந்தால் அது வறட்சி இல்லை. அதை டாக்டரிடம் காட்டுங்கள்.)

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தள்ளுபடி நாளில் பாடி லோஷன், முகத்துக்கு ஒரு க்ரீம், ஒரு சீரம், ஹேர் மாஸ்க், புதினா வாசனை லிப் பாம் என்று ஐந்தை ஒரே நாளில் வாங்கி, ஐந்தையும் ஒரே இரவில் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் கழுத்தும் தாடையும் சிவந்து அரிப்பு. ஐந்தில் எது குற்றவாளி? தெரியாது. ஐந்தையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதில் நான்கு நல்ல பொருளாகவே இருந்திருக்கலாம். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு பொருள், சின்ன அளவில், எழுதி வைத்துக்கொண்டு.

முதலில் குளியலைச் சரிசெய்யுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டு, கையில் ஊற்றினால் சூடு உறைக்காத வெந்நீருக்கு மாறுங்கள். பத்து நிமிடத்துக்குள் வெளியே வாருங்கள். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று வியர்வையும் அழுக்கும் சேரும் இடங்களுக்குப் போட்டால் போதும். கை கால்களில் தினமும் நுரை பொங்கத் தேய்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் கிடையாது.

சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்று அர்த்தம். இந்தியத் தர அளவுப்படி 76 சதவீதமாவது இருந்தால் முதல் தரக் குளியல் சோப்பு. ஆனால் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சோப்பு சோப்புதான். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு அதற்கு 9, 10 என்று காரப் பக்கமாக இருக்கும். நம் தோலோ 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உள்ளது. ரொம்ப வறண்ட தோல்காரர்கள் சோப்புக்குப் பதில் செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் செய்த ‘சிண்டெட்’ வகைக் கட்டிக்கோ, நுரை குறைவான பாடி வாஷுக்கோ மாறிப் பார்க்கலாம்.

இந்த ஒரு வாரத்திலேயே பாதிப் பேருக்கு நகக்கோடு மங்கிவிடும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். மங்கிவிட்டால் சந்தோஷம், காசு மிச்சம். மங்கவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

சப்பாத்தி மாவு பிசைந்திருப்பீர்கள். தண்ணீர் விட்டால்தான் மாவு இளகும். கூடவே கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் மிருதுவாக வரும். பிசைந்து முடித்ததும் மேலே எண்ணெய் தடவி மூடி வைப்போம், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் மேல்புறம் காய்ந்து ஓடு கட்டிவிடும். மாய்ஸ்சரைசர் என்ற பெயரில் விற்கும் எல்லாவற்றிலும் இந்த மூன்று வேலைகள்தான் கூடவும் குறையவும் கலந்திருக்கின்றன.

தண்ணீரைப் பிடித்து வைப்பவை ஒரு வகை: கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், யூரியா. (வயலுக்குப் போடும் யூரியாவின் அதே வேதிப்பொருள்தான், மருந்துத் தரத்தில் சுத்திகரித்தது. பயப்பட வேண்டாம், மூட்டையிலிருந்து எடுக்கவும் வேண்டாம்.) செதில்களுக்கு இடையே புகுந்து சொரசொரப்பைக் குறைப்பவை இரண்டாம் வகை: தாவர எண்ணெய்கள், ஷியா வெண்ணெய், செராமைடு (நம் மேல்தோலிலேயே இயல்பாக இருக்கும் ஒரு கொழுப்பு). மூன்றாம் வகை மேலே மூடி போடுபவை: பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, டைமெதிகோன் என்ற சிலிகோன். ஈரம் ஆவியாகாமல் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணற்றுத் துரப்பணக் கம்பிகளில் அப்பியிருந்த மெழுகை எடுத்துச் சுத்திகரித்து, ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் 1872இல் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் அது. நூற்றைம்பது வருடமாகியும் அதன் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். வறண்டு கிடக்கும் தோலில் ஜெல்லியை மட்டும் தடவினால் காய்ந்த மாவுக்கு மூடி போட்ட கதைதான். அதனால்தான் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவச் சொல்கிறார்கள். இந்த மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு, விலை உயர்ந்த க்ரீமை மத்தியானம் காய்ந்த காலில் தடவி ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதும் கணக்கு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் கெட்டியான க்ரீம் வியர்வையோடு சேர்ந்து வழியும். அங்கே தண்ணீராக ஓடும் லோஷனோ ஜெல்லோ போதும். கரூர், ஈரோடு பக்கத்து வறண்ட காற்றுக்கும், ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் கெட்டி க்ரீம் வேண்டும். சென்னைக்காரராக இருந்தாலும் பகல் முழுக்க ஏசியில் இருப்பவர், தோலைப் பொறுத்தவரை பாதி ஊட்டிக்காரர்தான்.

வாங்கும்போது

சின்னதாக வாங்குங்கள். இதில் நமக்கு ஒரு பாரம்பரியமே உண்டு. ஷாம்பூவைப் பாட்டிலிலிருந்து பாக்கெட்டுக்குக் கொண்டுவந்து பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டு சேர்த்த ஊர் நம்முடைய கடலூர். அந்த ஊர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த யோசனை அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவை அதே வழியில் விற்றார். ஏழை வாங்க வேண்டும் என்று வந்த பாக்கெட், சோதித்துப் பார்க்க நினைப்பவருக்கும் வரம். ஷாம்பூவும் கண்டிஷனரும் பாக்கெட்டிலேயே கிடைக்கின்றன. நான்கு பாக்கெட் வாங்கினால் நான்கு முறை தலைக்குக் குளித்துப் பார்க்கலாம். லோஷனில் கையடக்கப் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அரை லிட்டர் பாட்டிலுக்கு அரை லிட்டர் இலவசம் என்பதெல்லாம் சோதித்து முடித்த பிறகு யோசிக்க வேண்டியது.

கடையில் நிற்கும் பெண் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, “அக்கா, பாருங்க, எப்படி ஷைனிங்கா இருக்கு” என்பார். எந்தக் க்ரீமைத் தேய்த்தாலும் முதல் ஐந்து நிமிடம் மினுங்கத்தான் செய்யும். அது பிசுபிசுப்பு எப்படி, வாசனை பிடிக்கிறதா என்று பார்க்க மட்டுமே உதவும். திறந்து வைத்த லிப்ஸ்டிக், லிப் பாம் மாதிரிகளை உதட்டில் வைக்கவே வைக்காதீர்கள். முந்தின ஆளின் உதட்டுக் கொப்புளம் உங்களுக்கு வரலாம்.

பெட்டியைத் திருப்பி, உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். அதிகமாக உள்ளது முதலில், குறைவாக உள்ளது பின்னால் என்ற வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கம் பாதாம் படம் பெரிதாக இருக்கும், பட்டியலில் பாதாம் எண்ணெய் கடைசி வரிக்குப் பக்கத்தில் இருக்கும். கோபப்பட வேண்டாம். முதல் ஐந்தாறு பெயர்களில் கிளிசரினோ பெட்ரோலேட்டமோ (பெட்ரோலியம் ஜெல்லிக்குப் பட்டியலில் உள்ள பெயர்) இருந்தால் அது வேலை செய்யும் லோஷன்தான். சுலபமாக அரிப்பு வரும் தோல் என்றால் ‘ஃபிராகரன்ஸ்’ அல்லது ‘பர்ஃபியூம்’ என்ற சொல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ‘அன்சென்டட்’, அதாவது வாசனையற்றது, என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். மூல வாசனையை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருந்தாலும் அப்படிப் போடுவார்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். பட்டியலே இல்லாத, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ‘வெள்ளையாக்கும்’ க்ரீமையும், மெடிக்கலில் பேச்சுவாக்கில் கொடுக்கும் டியூபையும் மாய்ஸ்சரைசராகப் போடாதீர்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் உள்ளவை ஸ்டீராய்டுகள். போட்ட பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். விட்டால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும், விடாமல் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முடி முளைக்கும். மேலே பூசும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் அறிவித்தது. இருந்தும் கிடைக்கிறது. வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் கலப்பது இன்னொரு ஆபத்து. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, அவர்கள் பூசிய க்ரீம்தான் காரணமாக நின்றது.

முழங்கை மடிப்பில் ஒரு வாரம்

வாங்கி வந்ததை உடனே உடம்பெல்லாம் பூசாதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில், பத்து ரூபாய் நாணய அளவுக்கு, காலையும் இரவும் தடவுங்கள். ஏழிலிருந்து பத்து நாள். கழுவிவிடும் பொருளாக இருந்தால், பயன்படுத்தும்போது எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள்.

ஒரு நாள் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கடுமையான பொருள் எரிச்சலை உடனே காட்டிவிடும். ஒவ்வாமை அப்படி இல்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு எதிர்க்க இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நான் ஐந்தையும் பூசியபோது முதல் இரண்டு நாளும் கண்ணாடி முன் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைவில் வையுங்கள்.

சிவந்தால், அரித்தால், பொரிப்பொரியாக வந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். பொருளின் பெயரையும் பட்டியலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்னொரு பொருளும் பின்னால் இதே மாதிரி செய்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று தேடலாம். யூரியா கலந்த க்ரீம் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். அது ஒவ்வாமை இல்லை. வெடிப்பு ஆறும்வரை ஜெல்லி தடவிவிட்டு அப்புறம் யூரியாவுக்கு வாருங்கள்.

இடது கால், வலது கால்

இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. நம் உடம்பில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறது. தோல் மருத்துவ ஆராய்ச்சிகளிலும் ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது என்று பூசி ஒப்பிடுவது வழக்கம்தான். வீட்டில் நாம் செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், அதாவது கெண்டைக்காலுக்கு எதிர்ப்பக்கம், உடம்பிலேயே சீக்கிரம் வறளும் இடம். எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கே குறைவு. இடது காலுக்குப் புது லோஷன், வலது காலுக்கு வழக்கமாகப் போடுவது. வழக்கமாக எதுவும் போடாதவர் வலது காலை அப்படியே விடுங்கள். எந்தக் காலுக்கு எது என்பதை பாட்டில் மூடியிலேயே மார்க்கரால் ‘இ’, ‘வ’ என்று எழுதிவிடுங்கள். நாலாம் நாள் குழம்பிவிடும், சத்தியமாகச் சொல்கிறேன்.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை க்ரீமைப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். இது டாக்டர்கள் மருந்துக் களிம்புக்கு வைத்திருக்கும் கணக்கு. முழங்காலுக்குக் கீழ் ஒரு காலைச் சுற்றிப் பூச மூன்று விரல் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முடி படிந்திருக்கும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் முடிக்கால்களில் அடைத்துக்கொண்டு பருப் பருவாக வரும்.

காலையில் பூசினால் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் நகக்கோடு போட்டுப் பாருங்கள். பூசின ஒரு மணி நேரத்தில் எல்லா லோஷனும் ஜெயிக்கும். எட்டு மணி நேரம் கழித்து எது நிற்கிறது என்பதுதான் கேள்வி. நான் சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியில், கிழிக்கப் போகும் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பேன்: “இ மங்கல், வ வெள்ளை. அரிப்பு இல்லை. பேன்ட் ஒட்டுது.” இவ்வளவு எழுதினால் போதும். பேன்ட் ஒட்டுவதையும் எழுதுங்கள். அருமையான க்ரீம் என்றாலும் ஒட்டினால் பத்தாம் நாள் அலமாரிக்குள் போய்விடும்.

இரண்டு வாரம் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் இரண்டில் விலை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் மெடிக்கல் கிளிசரின் இருந்தால் அதையும் போட்டியில் சேர்க்கலாம், ஆனால் நேராகப் பூசக் கூடாது. ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீரோ பன்னீரோ கலந்து, அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள். கலக்காத கிளிசரின் பிசின் மாதிரி ஒட்டும், தோலுக்குள் இருக்கும் ஈரத்தையே இழுக்கும்.

முகத்துக்கும் இதே முறைதான். தாடையோரத்தில் தொடங்கி நான்கைந்து நாள் பார்த்துவிட்டுக் கன்னத்துக்கு வாருங்கள். பரு வருகிறவர்கள் முகத்தில் தேங்காயெண்ணெயைத் தடவ வேண்டாம், அடைத்துக்கொள்ளும். நெற்றியில் மட்டும் குட்டிக் குட்டியாகப் பரு என்றால் முகத்துக் க்ரீமைச் சந்தேகப்படுவதற்கு முன் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். பகலில் மாய்ஸ்சரைசருக்கு மேல் சன்ஸ்க்ரீன்.

தலைமுடி

தலைக்கு வெளியே நீண்டிருக்கும் முடிக்கு உயிர் இல்லை. அதற்கு ‘ஊட்டம்’ கொடுக்க முடியாது. அது பட்டுப்புடவை மாதிரி, பத்திரமாகத் துவைத்துப் பராமரிக்கத்தான் முடியும். கண்டிஷனரில் இருப்பவை நேர் மின்னூட்டம் உள்ள பொருட்கள். ஷாம்பூ போட்டு அடிபட்ட முடியில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், சேதம் அதிகமான இடத்தில் அவை நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் கண்டிஷனரைக் காதுக்குக் கீழே இருக்கும் பழைய முடிக்குப் போட வேண்டும், மண்டைக்கு அல்ல. இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

சோதிப்பதற்கு இங்கேயும் இரண்டு பக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது நடு வகிடு எடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் புதுக் கண்டிஷனர். காய்ந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரட்டைச் சடை போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது, எந்தப் பக்கம் சீப்பில் அதிக முடி வருகிறது, மறுநாள் காலையில் எது சிக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து முடியின் ‘வகை’யைச் சொல்லும் சோதனை ஒன்று சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். முடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே மிதக்கும்.

தேங்காயெண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் சொன்னது சரிதான். 2003இல் மும்பை ஆராய்ச்சியாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் சின்னது, நேரானது என்பதால் முடித்தண்டுக்குள் நுழைகிறது. ஆராய்ச்சியைச் செய்தது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என் தலையிலும் அது உண்மையாகத்தான் இருக்கிறது. குளிப்பதற்கு முன் இரவோ, ஒரு மணி நேரம் முன்போ நீளத்தில் தடவிவிட்டு அலசினால் முடி உடைவது குறைகிறது. ஆனால் பொடுகுக்கு எண்ணெய் மருந்தில்லை. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. வெள்ளையாக உதிர்வதை வறட்சி என்று நினைத்து எண்ணெயை ஊற வைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. அதற்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவோ டாக்டரோதான் வழி.

இன்னொன்று, தண்ணீர். போர் தண்ணீர் உள்ள வீட்டில் எந்தக் கண்டிஷனரையும் திட்டுவதற்கு முன், கடைசி ஒரு குடம் அலசலை மட்டும் நல்ல தண்ணீரில், அதாவது மெட்ரோ தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ, செய்து பாருங்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். சோப்பு கலந்த பழைய வகைச் சீயக்காய்த் தூள் என்றால் பிசுக்குப் போகவே போகாது. ஊர் மாறி வந்து ‘ஹாஸ்டல் தண்ணியில முடி போச்சு’ என்பவர்களின் புலம்பலில் பாதி இந்தச் சொரசொரப்பும் அதனால் முடி உடைவதும்தான்.

உதடு

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி இல்லை, மேல்தோலும் மெல்லியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அதற்கு வழி குறைவு. மார்கழியில் வெடிக்கிறது என்று நாக்கால் நக்குவோம். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும், அதிலுள்ள செரிமான நொதிகள் வேறு எரிச்சல் தரும். நக்க நக்க உதட்டைச் சுற்றி வளையமாகச் சிவந்துபோன குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள்.

லிப் பாம் போட்டதும் ஜில்லென்று இருந்தால், அதில் மெந்தாலோ கற்பூரமோ இருக்கிறது. அது சுகமாகத் தெரிந்தாலும் வெடித்த உதட்டுக்கு எரிச்சல்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி காய்ந்த மாதிரி தோன்றும், மறுபடி போடுவீர்கள், டியூப் சீக்கிரம் தீரும். பழவாசனை உள்ளதும் வேண்டாம், இனிப்பாக இருந்தால் நாக்கு தானாகப் போகும். வாசனையில்லாத ஜெல்லியோ தேன்மெழுகு கலந்த சாதா லிப் பாமோ போதும். ராத்திரி நெய் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். கெடுதல் இல்லை, தலையணை உறைக்குத்தான் கெடுதல். வெயிலில் அலைபவர்களுக்கு எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள லிப் பாம் நல்லது.

இங்கே இடது வலது வேலைக்காகாது, பேசினாலே கலந்துவிடும். முழங்கை மடிப்புச் சோதனை முடிந்ததும், லிப்ஸ்டிக்கை நிறுத்திவிட்டு, ஒரே லிப் பாமை இரண்டு வாரம் போடுங்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் தோல் உரிகிறதா என்று பாருங்கள், உரிவதைப் பிய்க்காதீர்கள். இரண்டு வாரத்திலும் தேறவில்லை என்றால் இன்னொரு லிப் பாமுக்கு ஓடுவதற்கு முன் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். காரமான புதினா, லவங்கப்பட்டை வாசனைப் பேஸ்ட்கள் பல பேருக்கு உதட்டைப் புண்ணாக்கும். வாயின் ஓரங்கள் மட்டும் வெடித்து வலித்தால் அது வறட்சியாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறைவாகவோ, பி வைட்டமின் குறைவாகவோ, பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். எந்த லிப் பாமும் அதைத் தீர்க்காது.

சில எச்சரிக்கைகள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தின் மேலும் அடியிலும் க்ரீம் பூசலாம், விரல் இடுக்குகளில் பூசக் கூடாது. அங்கே ஈரம் தேங்கினால் புண் வரும். பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக டாக்டர். கைக்குழந்தைக்கு உங்கள் வாசனை லோஷனைப் போடாதீர்கள். ஜெல்லியோ எண்ணெய்க் க்ரீமோ ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், பூசிய நைட்டியோடு கேஸ் அடுப்புப் பக்கம் நிற்கும்போது ஜாக்கிரதை. எண்ணெய்க் காலோடு குளியலறை டைல்ஸில் நடந்து விழுந்தவர்களின் பட்டியலில் நானும் இருக்கிறேன். லோஷன் பூசியும் இரண்டு மூன்று வாரமாக அரிப்பு நிற்கவில்லை, தூக்கம் கெடுகிறது, நீர் வடிகிறது என்றால் அது வெறும் வறட்சியாக இருக்காது.

தேறிய பொருளின் அடியில் திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள். சில டப்பாக்களில் திறந்த மூடி படம் போட்டு 6எம், 12எம் என்று இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். டப்பாவில் ஈரக் கையை விடாதீர்கள். வாசனையோ நிறமோ மாறினால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்குத்தான்.

போன தை மாதம் கரூர் போயிருந்தபோது அம்மாவின் கால்களில் சோதனை நடத்தினேன். இடது காலுக்கு நான் சென்னையிலிருந்து கொண்டுபோன செராமைடு க்ரீம், வலது காலுக்கு அவர் அலமாரியில் இருந்த பழைய ஜெல்லி டப்பா. பத்து நாள் கழித்து நான்கு மணிக்கு இரண்டு காலிலும் கோடு போட்டேன். இரண்டிலும் கோடே விழவில்லை. அம்மா தன் காலைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார்.

“ஏண்டி, ஊருக்கெல்லாம் பூசிவிடற. உனக்கு இன்னைக்குப் பூசலியா?”